ஆடு, ஆட்டம், டூப்பு: மற்போர் ரசிகரின் காத்திருப்புக்கு ஒரு வரலாறு

2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை மாலை ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் உள்ள ஜி.எம்.சி. பாலயோகி உள்ளரங்கில் டபிள்யூ.டபிள்யூ.இ. நிறுவனம் 'சூப்பர்ஸ்டார் ஸ்பெக்டகிள்' என்னும் மற்போர் நிகழ்ச்சியை நடத்தியது. 2017 டிசம்பரில் தில்லியில் நடந்த நிகழ்ச்சிக்குப் பின்னர் அந்நிறுவனம் இந்தியப் பார்வையாளர் முன் மேடையேறியது அப்போதுதான். ஜான் சீனா வருகிறார் என்ற அறிவிப்பு வெளிவந்ததும், மற்போரை மறந்து பல்லாண்டு கழித்திருந்த ஒரு தலைமுறை மீண்டும் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியது. பெங்களூருவிலிருந்து ஹைதராபாத் ஓரிரவுப் பேருந்துத் தொலைவுதான். அல்சூரிலோ சிவாஜிநகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ 1990களில் சிறுவராக இருந்து, இன்று முப்பத்தைந்தைக் கடந்து, அலுவலகமும் வீட்டுக்கடனுமாக வாழும் ஒரு தமிழ் ரசிகரை எண்ணிக்கொள்ளலாம். அவருக்கு அந்த ஆட்டத்தின் முடிவு முன்பே எழுதப்பட்டது என்பது தெரியும். எழுதுவதற்கென்று சம்பளம் பெறும் எழுத்தாளர்கள் உண்டு என்பதும் தெரியும். அப்படியிருந்தும் நிகழ்ச்சிக்கு முந்தைய வாரத்தில் பழைய ஆர்வம் எப்படித் திரும்புகிறது?

வழக்கமாகத் தரப்படும் விடை எளியது. சிறுவயதில் அதை உண்மை என்று நம்பினார். பின்னர் பொய் என்று அறிந்து விலகினார். இப்போது இளமை நினைவின் ஏக்கத்தால் திரும்புகிறார். இவ்விடையின் அடியில் ஒரு வரலாற்றுக் கருத்து ஒளிந்திருக்கிறது. பழைய பார்வையாளர் ஏமாந்தவர், இன்றைய பார்வையாளர் அறிந்தவர் என்பது அக்கருத்து. கன்னட நாட்டிலும் தமிழகத்திலும் மற்போர் பார்க்கப்பட்ட முறைக்குக் கிடைக்கும் சான்றுகளை அடுக்கிப் பார்த்தால் இக்கருத்து நிற்பதில்லை.

முதற் சான்று புறநானூற்றில் உள்ளது. 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்கள் ஒரே வீரனைப் பற்றியவை: சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. முதல் மூன்றைப் பாடியவர் சாத்தந்தையார். அடுத்த மூன்றைப் பாடியவர் பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையார். முக்காவனாட்டு ஆமூரில் ஒரு மல்லனோடு கிள்ளி பொருததே ஆறு பாடல்களுக்கும் பின்புலம். 'போரவை' என்பதைப் போர்ப் பயிற்சிக்குரிய அவை என்று கொள்வோர் உண்டு. அப்படியாயின் இன்றைய சொல்லில் அது ஒரு பயிற்சிக்கூடம். தந்தை தித்தன் உறையூரை ஆண்டவன், மகனோடு பிணக்குற்றவன். சாத்தந்தையார் ஆட்டத்தின் பிடியைத் துல்லியமாகச் சொல்கிறார். ஒரு கால் எதிரியின் மார்பின்மேல். மற்றொரு கால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறத்தில். பசித்த யானை மூங்கிலை முறிப்பதுபோல் தலையும் காலும் முறிய மோதிய நிலை. தந்தை இதை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வந்து காணட்டும் என்கிறார். 82ஆம் பாடலில் விரைவுக்கு அவர் தரும் உவமையோ களத்திற்கு வெளியேயிருந்து வருகிறது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது, மனைவி பிள்ளைப்பேற்று நோவில் இருக்கிறாள், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே கட்டிலுக்கு வார் பின்னும் ஒருவனின் கையிலுள்ள ஊசி எவ்வளவு விரைந்து ஓடுமோ அவ்வளவு விரைவு அந்தப் போரில் என்கிறார். திருவிழாவுக்கு முந்தைய பரபரப்பை மற்போருக்கு உவமையாக்கிய முதல் தமிழ்ப் புலவர் இவராகவே இருக்கக்கூடும்.

ஆயினும் இக்கட்டுரைக்கு நக்கண்ணையாரே முதன்மையானவர். அவர் களத்தைக் காட்டிலும் காண்பவரைப் பாடினார். 83இல் அவனைத் தழுவ விழைகிறார். தாய்க்கு அஞ்சுகிறார், அவையோருக்கு நாணுகிறார். தம்மைப் போலவே இந்த ஊரும் இருபாற்பட்டு நடுங்கட்டும் என்கிறார். 84இல் விழாக்கோலம் கொண்ட பேரூர் தெரிகிறது; செருக்கோடு வந்த மள்ளர்க்கு அவன் உப்பு வணிகர் அஞ்சும் நீர்த்துறை போன்றவன் என்ற உவமை தெரிகிறது. 85ஆம் பாடல் ஒரு முழுமையான ரசிகர் அறிக்கை. அவனுக்கு இது சொந்த ஊருமன்று, சொந்த நாடுமன்று. ஆகவே வென்றவன் அவனே என்பார் ஒரு சாரார், அல்லன் என்பார் மற்றொரு சாரார். இவரோ சிலம்பொலிக்க ஓடி, தம் வீட்டுப் பனைமரத்தடியில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தாமே கண்டதாகச் சொல்கிறார். பிரிந்து நிற்கும் கூட்டம், வெளியூர் ஆட்டக்காரன், தீர்ப்பைப் பற்றிய சர்ச்சை, நேரில் கண்டேன் என்று சாதிக்கும் ஓர் ஆர்வலர். எல்லாம் அங்கே இருக்கின்றன.

இப்பாடலில் வெற்றியைக் குறிக்க வரும் சொல் 'ஆடு'. சங்கத் தமிழில் பெயர்ச்சொல்லாக வரும்போது வெற்றி என்பது அதன் பொருள்களில் ஒன்று. வினையாக அதே வடிவம் விளையாடுவதையும் நடனமாடுவதையும் கூத்தாடுவதையும் குறிக்கும். பிற்காலத்து 'ஆட்டம்' சதுரங்கத்திற்கும் சதிருக்கும் பொது. கன்னடத்தின் 'ஆட்ட' என்ற சொல்லும் அத்தகையதே. சிறுவர் விளையாடுவதும் 'ஆட்ட', யட்சகானக் குழு விடியவிடிய நடத்துவதும் 'பயலாட்ட'. 'இது விளையாட்டா, நாடகமா' என்று தொழில்முறை மற்போரைப் பற்றி ஓயாமல் எழுப்பப்படும் கேள்வி, இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வைத்திருக்கும் மொழியில்தான் இயல்பாகப் பிறக்கிறது. சொல் ஒன்றாக இருப்பதால் மனமும் ஒன்றாகவே கருதியது என்று முடிவுகட்டுவது மொழியியலார் பலமுறை செய்து, பலமுறை வருந்திய பிழை. ஆகவே சொல்லை இங்கே சான்றாகக் கொள்ள வேண்டியதில்லை, வழிகாட்டியாகக் கொண்டால் போதும்.

கன்னட நாட்டில் மற்போரைப் பற்றிய விரிவான நூற்பதிவு கல்யாணத்துச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்'. அவன் ஆட்சி 1126 முதல் 1138 வரை. சமஸ்கிருதத்தில் எழுந்த இந்நூலில் மற்போரைப் பற்றிய பகுதியின் பெயரே 'மல்லவினோதம்'. அரசனின் பொழுதுபோக்குகளுள் அதுவும் ஒன்று. மல்லர்கள் வயதும் உடலும் நோக்கி வகுக்கப்படுகின்றனர். அவர்களின் உணவு, மணல்மூட்டை தூக்குதல், நீச்சல், தூணேறுதல் எனப் பயிற்சிகள், பிடிகளின் பெயர்கள் எல்லாம் அதில் உள்ளன. பார்க்கும் கூட்டம் என்ன நினைத்தது என்பது மட்டும் இல்லை. சுமார் 1520இல் விசயநகரத்திற்கு வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ் மகாநவமி விழாவின் மல்லர்களைக் கண்டு எழுதினார். பல் உடைவதையும் முகம் சிதைவதையும் குறித்தார். அவரும் அரசன் வீற்றிருந்த திசையையே பார்த்தார். நக்கண்ணையாரின் பனைமரத்தடிக்கு நிகரான ஓர் இடம் இந்த அரசவைப் பதிவுகளில் கிடைப்பதில்லை. மற்போர் வரலாறு என்று எழுதப்படுவது பெரும்பாலும் உடல்களின் வரலாறாகவும் புரவலரின் வரலாறாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கதைகளில் அக்கூட்டம் சற்றே தலைகாட்டுகிறது. பெங்களூருவின் நடுவே கண்டீரவ விளையாட்டரங்கம் இருக்கிறது. கண்டீரவம் என்றால் சிங்கம். அப்பெயரைத் தாங்கிய மைசூர் மன்னர்களில் புகழ்பெற்றவர் 1638 முதல் 1659 வரை ஆண்ட ரணதீர கண்டீரவ நரசராஜர். 1960இல் ராஜ்குமார் நடித்து வெளிவந்த 'ரணதீர கண்டீரவ' படத்தின் நாயகர். அரியணை ஏறுமுன் அவர் செய்ததாக மைசூர் மரபில் வழங்கும் கதை தமிழ் வாசகருக்குச் சுவையானது. திருச்சிராப்பள்ளியில் தோல்வியறியா வீரன் ஒருவன் இருந்தான். தன் சல்லடத்தைக் கோட்டைவாயிலின் மேல் தொங்கவிட்டிருந்தான். உள்ளே நுழையும் எவரும் அதன் கீழே குனிந்து செல்ல வேண்டும். செல்ல மறுப்பவர் அவனோடு மோத வேண்டும். கண்டீரவர் மாறுவேடத்தில் சென்று அவனை வீழ்த்திவிட்டு, தாம் யாரென்று சொல்லாமலே திரும்பினார். தமிழில் சல்லடம், கன்னடத்தில் சல்லண: மல்லர் அணியும் குறுங்காற்சட்டை. உறையூர் இன்று திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதி. அங்கிருந்து வேற்றூர் சென்று மல்லனை வென்ற சோழ இளவரசனின் பாடலும், வேற்றுநாட்டிலிருந்து அங்கே வந்து மல்லனை வென்ற மைசூர் இளவரசனின் கதையும் ஏறக்குறைய ஒரே வரைபடத்தின் இரு திசைகள்.

கதை நடந்ததா என்பது வேறு கேள்வி. அது எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதே இங்குக் கவனத்திற்குரியது. சண்டை ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. வாயிலில் தொங்கிய சல்லடம் நீளமாகப் பேசப்படுகிறது. அறைகூவல், அவமானம், அதன் கீழ் குனிந்து சென்றவர்களின் முணுமுணுப்பு, யாராவது வரமாட்டார்களா என்ற எதிர்பார்ப்பு. இன்றைய மற்போர் நிறுவனங்கள் ஒரு பெரிய நிகழ்ச்சிக்கு முன் எட்டு வாரம் தொலைக்காட்சியில் செய்வது இதைத்தான்.

மைசூர் தசராவின் வஜ்ரமுஷ்டி இன்னும் நேரடியான சான்று. ஜெட்டி எனப்படும் மரபுவழி மல்லர்கள் விசயதசமியன்று அரண்மனையில் மோதுகின்றனர். தலையை மழித்து, கையில் முட்கள் கொண்ட ஆயுதத்தைப் பொருத்திக்கொண்டு இருவர் இருவராக இறங்குவர். எதிரியின் தலையில் முதல் குருதித்துளி தோன்றியதும் ஆட்டம் நிறுத்தப்படும். மைசூரு, பெங்களூரு, சென்னபட்டணம், சாமராஜநகர் ஆகிய ஊர்களைச் சேர்ந்த ஜெட்டிகள் இதற்கெனத் தயாராகின்றனர். குருதி உண்மையானது, காயம் உண்மையானது, ஆனால் அது எங்கே நிற்கும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டது. சில நொடிகளில் முடிந்துவிடும் ஒரு மோதலுக்காக ஆண்டு முழுதும் காத்திருக்கிறார்கள். இதை விளையாட்டு என்றோ சடங்கு என்றோ நாடகம் என்றோ தனித்தனியே பெயரிட முயன்றால் மூன்று பெயர்களும் பாதியளவே பொருந்தும்.

பெங்களூருவின் பழைய பேட்டைப் பகுதியில் மற்போர் வாழ்ந்த இடம் கரடிமனை. செம்மண் குழியும் கர்லாக்கட்டையும் அனுமன் படமும் உள்ள சிறு கூடம். தமிழின் பழைய அகராதிகளில் 'கரடிக்கூடம்' என்ற சொல் சிலம்பக்கூடம் என்ற பொருளில் உண்டு. விலங்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெங்களூரு மரபில் கரடிமனை கரகத் திருவிழாவோடு பிணைந்தது. சித்திரை முழுநிலவு நாளில் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து புறப்படும் கரகத்தைத் தலையில் தாங்குபவர் திகளர் சமூகத்து ஆண் பூசாரி. திரௌபதியின் கோலத்தில் வருவார். உருவிய வாளோடு அவரைச் சூழ்ந்து வருவோர் வீரகுமாரர். அவர்களின் மரபுப் பயிற்சிக்களம் கரடிமனை. தமிழ்ச் சாயல் கொண்ட பேச்சுடைய திகளரின் இவ்விழா, செஞ்சி, திருவண்ணாமலைப் பகுதிகளின் திரௌபதியம்மன் விழாவுக்கு நெருங்கிய உறவு.

அந்த விழாக்களின் பாரதக்கூத்தை ஒருமுறை கண்டவர்க்கு மற்போர் ரசிகரின் மனநிலை புதிராகத் தோன்றாது. துரியோதனன் படுகளத்தில் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். மண்ணால் பெரிய உருவம் செய்து கிடத்தி, தொடையில் குருதிச்சாயம் நிரப்பி வைப்பதே ஊரார்தாம். வீமன் அடிப்பான், துரியோதனன் விழுவான், திரௌபதி கூந்தல் முடிவாள். சென்ற ஆண்டும் அப்படித்தான். எனினும் கூட்டம் அங்கே நிற்கிறது, சிலர் அழுகின்றனர், சிலருக்கு மருள் வருகிறது. வேடம் கட்டியவர் பக்கத்து ஊரில் உழவு செய்பவர் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. அவர்களை யாரும் ஏமாந்தவர் என்று எழுதுவதில்லை. ஆனால் அதே ஊர்ப் பையன் அண்டர்டேக்கரைக் கண்டு கைதட்டினால் அறியாமை என்கிறோம்.

அரங்கில் நடக்கும் சண்டையைக் கட்டணம் கொடுத்துப் பார்க்கும் நவீன வழக்கம் தமிழர்க்குக் கிங்காங், தாராசிங் என்ற இரு பெயர்களோடு வந்தது. கிங்காங் என்ற எமில் சாயா 1909இல் அன்றைய ஹங்கேரியின் பிராசோ நகரில் பிறந்து சிங்கப்பூரில் நிலைகொண்டவர். பஞ்சாபின் தர்முசக் ஊரில் 1928இல் பிறந்த தாராசிங் 1947இல் சிங்கப்பூருக்குப் போனார். ஆலையில் வேலை செய்துகொண்டே கிரேட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா அரங்கில் பயிற்சி பெற்றார். பூங்காவில் நடனமும் சூதாட்டமும் திரைப்படமும் மற்போரும் அடுத்தடுத்த கொட்டகைகளில் நடந்தன என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1959இல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டம், 1968 மே 29இல் பம்பாயில் லூ தெசை வென்று உலகப் பட்டம் என்று தாராசிங்கின் புகழ் ஏறியது. அந்தக் காலத்துத் தமிழ் வீடுகளில் 'நீ என்ன பெரிய தாராசிங்கா' என்ற கேள்வி நெடுநாள் வாழ்ந்தது. 1966 பொங்கலுக்கு வெளிவந்த 'அன்பே வா' படத்தில் எம்.ஜி.ஆர். சிட்டிங் புல் என்ற மல்லரோடு மோதும் காட்சிக்குத் திரையரங்கில் எழுந்த ஆரவாரம் இந்த மோகத்தின் நீட்சி. அங்கே யார் வெல்வார் என்று ஐயுற்றவர் ஒருவரும் இருந்திருக்க முடியாது.

முடிவுகள் முன்னரே தீர்மானிக்கப்படுகின்றன என்பது அப்போதே இரகசியமா? அமெரிக்காவில் இல்லை. ஜாக் ஃபெஃபர் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் தொழிற்பகை காரணமாக 1934இலேயே நியூயார்க் டெய்லி மிரர் இதழில் உள்விவகாரங்களைப் போட்டு உடைத்தார். மற்போர் அதனால் மறைந்துவிடவில்லை. தொலைக்காட்சி வந்ததும் முன்னிலும் பெருகியது. 1989இல் நியூஜெர்சி மாநிலத்தில் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் விலக்குப் பெறுவதற்காக டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே தன் நிகழ்ச்சி போட்டியன்று, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. இந்தியாவில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி பரவியது 1991க்குப் பிறகு. அதாவது பெங்களூருச் சிறுவர் முதன்முதலாக ஹல்க் ஹோகனைக் காண்பதற்கு முன்பே அந்த உண்மையை உரிமையாளர்களே அரசுப் பதிவில் ஏற்றிவிட்டிருந்தனர்.

தொழிலின் உட்பேச்சில் இதற்கு ஒரு சொல் உண்டு: கேஃபேப். அமெரிக்கத் திருவிழாக் கொட்டகைகளின் மறைமொழியிலிருந்து வந்தது. மூலம் உறுதியாகத் தெரியாதது. களத்துப் பகையை வெளியுலகிலும் உண்மைபோல் காத்துவரும் ஒழுக்கத்தை அது குறிக்கும். அதே மறைமொழியில் ஏமாளிப் பார்வையாளருக்கு 'மார்க்', உள்விவரம் அறிந்தவருக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். தமிழில் இந்த இடத்தை நிரப்பியது 'டூப்பு'. திரைப்படத்தில் நாயகனுக்குப் பதில் குதிப்பவரும் டூப்பு, பொய்யும் டூப்பு. 'அதெல்லாம் டூப்புடா' என்று அண்ணனோ மாமாவோ சொல்லும் கணம் 1990களில் ஏறக்குறைய எல்லா ரசிகருக்கும் வாய்த்த ஒன்று. ஆனால் அந்தச் சொல்லின் இரட்டைப் பொருளையும் கவனிக்க வேண்டும். திரைப்பட டூப்பு பொய்யான நாயகன். உயரத்திலிருந்து குதிப்பதோ உண்மையாகவே குதிக்கிறார்.

அந்தச் சிறுவர்கள் எவ்வளவு நுட்பமாகப் பார்த்தார்கள் என்பதற்கு அண்டர்டேக்கர் விவகாரம் ஒரு சான்று. 1996இல் அக்ஷய் குமார் நடித்த 'கிலாடியோன் கா கிலாடி' இந்திப் படத்தில் அண்டர்டேக்கர் வருகிறார். அது உண்மையான அண்டர்டேக்கரா என்பது அந்நாளைய பள்ளி மைதானங்களின் தீராத வழக்கு. நடித்தவர் பிரையன் லீ. வேடிக்கை என்னவென்றால், 1994 சம்மர்ஸ்லாம் நிகழ்ச்சியில் அந்த நிறுவனமே 'போலி அண்டர்டேக்கர்' என்ற பாத்திரத்தை உண்மையான அண்டர்டேக்கரோடு மோதவிட்டது. அந்தப் போலியும் இதே பிரையன் லீதான். போலிக்கும் மூலத்துக்கும் இடையிலான வேறுபாட்டை உயரத்தையும் தாடையையும் பச்சைகுத்தலையும் கொண்டு வாதிட்டவர்களை அறியாதவர் என்பது பொருந்தாது. சீட்டுக்கட்டு வடிவில் விற்ற டிரம்ப் கார்டுகளும் அத்தகையவே. உயரம், எடை, மார்பளவு, புயத்தளவு, ஆடியவை, வென்றவை, தரவரிசை. மல்லரை உடலளவால் வகுக்கும் சோமேசுவரனின் ஆர்வம் எட்டரை நூற்றாண்டு கழித்துப் பெட்டிக்கடைகளில் தொங்கியது.

ஆகவே விலகியதற்குக் காரணம் உண்மை தெரிந்தது என்று சொல்வது போதாது. பள்ளி இறுதியாண்டு வந்தது. கிரிக்கெட்டும் கணினியும் வந்தன. மற்போர் பார்ப்பது சிறுபிள்ளைத்தனம் என்ற வெட்கம் வந்தது. சிலரை விலக்கியது இன்னும் கனமான காரணம். 1999 மே 23இல் கான்சாஸ் சிட்டி அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் வித்தையில் ஓவன் ஹார்ட் விழுந்து இறந்தார். நிகழ்ச்சி தொடர்ந்து நடத்தப்பட்டது. 2007 ஜூனில் கிரிஸ் பென்வா தம் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்று தம்மையும் மாய்த்துக்கொண்டார். அவர் மூளையைப் பின்னர் ஆராய்ந்தவர்கள் தொடர்ந்த தலைக்காயங்களின் சேதத்தைக் கண்டனர். அதற்கு அடுத்த மாதமே இமாசலப் பிரதேசத்துத் தலீப் சிங் ராணா, கிரேட் காளி என்ற பெயரில் உலக ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். இந்திய ரசிகரின் பெருமிதமும் குற்றவுணர்வும் ஒரே கோடைக்காலத்தில் வந்து சேர்ந்தன. 'எல்லாம் டூப்பு' என்ற வாசகம் அந்தக் கோடையில் பொருளற்றுப்போனது. முடிவு பொய்யாக இருக்கலாம். இருக்கையால் தலையில் விழுந்த அடி பொய்யன்று. கிங்காங்கும்கூட 1970இல் மலேசியச் சாலையில் நேர்ந்த கார் விபத்தின் காயங்களால்தான் இறந்தார்; ஊர்விட்டு ஊர் ஓடும் அத்தொழிலில் சாலையும் ஒரு களம்.

ஆய்வுலகம் இப்பொருளை அணுகும்போது ரோலான் பார்த்தை முதலில் எடுக்கும். 1957இல் வெளிவந்த 'மித்தாலஜீஸ்' தொகுப்பின் மற்போர்க் கட்டுரையில், ஆட்டம் முன்னரே தீர்மானிக்கப்பட்டதா என்பது பார்வையாளருக்குப் பொருட்டன்று என்று அவர் நிறுவினார். அந்த அளவில் அவர் சொன்னது செஞ்சிக் கூத்துக்கும் பொருந்தும். ஆனால் குத்துச்சண்டை நேரத்தில் வளரும் கதை, மற்போரோ தனித்தனிக் கணங்களின் தொகை, அதில் முன்பின் என்பதற்கு வேலையில்லை என்று அவர் சொல்வது, பாரிசின் கொட்டகையில் ஒரு மாலை அமர்ந்து பார்ப்பவருக்கே பொருந்தும். பெங்களூரு ரசிகரின் அனுபவம் அப்படியன்று. 2002 முதல் டென் ஸ்போர்ட்ஸ் வாரந்தோறும் காட்டியது கணங்களை அல்ல, தவணைகளை. துரோகம், சவால், பழி, மறுபடி துரோகம். 1997 நவம்பர் 9இல் மாண்ட்ரியாலில் பிரெட் ஹார்ட்டுக்குத் தெரியாமல் முடிவையே மாற்றி அவர் பட்டத்தைப் பறித்தபோது ரசிகர் ஆவேசம் கொண்டதற்குக் காரணம், முந்தைய பல மாதங்களின் கதை அவர்கள் தலையில் இருந்தது. எழுதப்பட்ட முடிவே திருத்தி எழுதப்படலாம் என்ற செய்தி, ஐயுற்று அறிந்து பார்க்கும் ஒரு புதிய ரசிகரை உருவாக்கியது. இன்று அவர் 'யார் வெல்வார்' என்று கேட்பதில்லை. 'யாரை வெல்ல வைப்பார்கள், ஏன்' என்று கேட்கிறார். ஆமூரின் இரு சாராரும் கேட்ட கேள்வியிலிருந்து இது வேறுதான். அதற்குக் குறைந்த கேள்வி என்று சொல்ல முடியாது.

இந்த அறிவோடுதான் ஆர்வம் மீளத் திரும்புகிறது. அது நிகழ்ச்சி நாளில் திரும்புவதில்லை, அதற்கு முன்பே திரும்பிவிடுகிறது. பழைய நண்பரை அழைத்தல், ஒன்பது ஆண்டு விடுபட்ட கதையை ஓரிரவில் படித்து முடித்தல், யாருக்கு யார்மேல் பகை என்று மனைவிக்கு விளக்க முயன்று தோற்றல், செல்லாத நுழைவிசையை முணுமுணுத்தல். நினைவேக்கம் என்ற ஒற்றைச் சொல் இவற்றில் எதையும் விளக்குவதில்லை. நினைவேக்கத்திற்குப் புதிதாகப் படிக்க வேண்டிய தேவையில்லை. கோட்டைவாயிலில் தொங்கிய சல்லடத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய திருச்சிராப்பள்ளிக்காரரும், கரகத்துக்கு முன் கரடிமனைப் பக்கம் எட்டிப்பார்க்கும் பேட்டைவாசியும், படுகளத்துக்கு மண் மிதிக்கும் ஊராரும் இதே வேலையில் இருந்தவர்கள். ஆட்டத்தின் பெரும்பகுதி ஆட்டத்திற்கு முன்பே நடக்கிறது. அதை நடத்துபவர் பார்வையாளர்.

ஹைதராபாத்தில் அன்றிரவு ஜான் சீனாவும் செத் ராலின்சும் ஓரணியாக இறங்கி, இம்பீரியம் அணியின் லூட்விக் கைசரையும் ஜியோவானி வின்சியையும் எதிர்த்தனர். சீனாவின் அணியே வென்றது. அரங்கிலிருந்தவர்களில் எவரும் வேறு முடிவை எதிர்பார்த்திருக்கமாட்டார்கள்.